நமது பள்ளி எக்ஸ் தளத்திலிருந்து விலகுவது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் முதல் தேதியிலிருந்து நம் பள்ளி எக்ஸ் தளத்தில் (பழைய ட்விட்டர்தான்) எதையும் பதிவிடாது. இதைச் சுற்றறிக்கையில் ஒரு வரியாகப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் ஆசிரியர் கூட்டத்தில் இதற்காக இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறோம். என்ன பேசினோம் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆரம்பம் சின்ன விஷயம்தான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா, கைப்பேசியோடு அலுவலகத்துக்கு வந்தார். "ஸ்கூல் நோட்டீஸ் எல்லாம் இதுலதான் வருதாம், எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார். எழுத்தர் பொறுமையாக உட்கார்ந்து ஒரு கணக்கைத் திறந்துகொடுத்தார். கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி, அவருடைய சட்டைப்பையில் வைத்தும் விட்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, "இதுல உங்க நோட்டீஸ் மட்டும்தானே வரும்?" என்று கேட்டார். எழுத்தர் என் அறைப் பக்கம் பார்த்தார். நான் ஏதோ கோப்பில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரை அங்கே அனுப்பியது நாம்தான். 2023-இன் நடுவில் அந்தத் தளம், கணக்கு இல்லாதவர்கள் பதிவுகளைப் பார்க்கவே முடியாதபடி கதவைச் சாத்தியது. பிறகு கொஞ்சம் திறந்துவிட்டாலும், கணக்கு இல்லாமல் போனால் பழைய பதிவுகள் முன்னும் பின்னுமாகக் கலைந்துதான் தெரிகின்றன. தேர்வு அட்டவணை மாறிவிட்டது என்று அங்கே நாம் எழுதினால், பெற்றோர் அதைப் பார்க்கக் கணக்குத் தொடங்கியாக வேண்டும். அப்புறம் அந்தக் கைப்பேசி வீட்டில் யார் கையில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்தில் எதிர்ப்பும் இருந்தது. "நல்லவர்கள் எல்லாம் மூட்டையைக் கட்டிவிட்டால் அங்கே மிச்சம் இருப்பது யார்?" என்று கேட்டார் வரலாற்று ஆசிரியர். நியாயமான கேள்வி. வெள்ள எச்சரிக்கை தரும் அலுவலகமோ காவல் துறையோ, ஜனங்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருந்துதான் ஆக வேண்டும். பொய்ச் செய்திக்கு அங்கேயே மறுப்பு எழுதும் ஒரு மருத்துவரைப் போய் வெளியே வா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் அங்கே யாரோடும் வாதம் செய்ததில்லை. ஆண்டு விழா படமும் விடுமுறை அறிவிப்பும் போட்டோம், அவ்வளவுதான். இதற்குப் போய்க் களத்தில் நின்று போராடுகிறோம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

விலகினால் அந்தத் தளத்துக்கு ஏதும் ஆகும் என்ற நினைப்பும் எனக்கு இல்லை. 2020 ஜூலையில் வெறுப்புப் பேச்சைக் கண்டித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஃபேஸ்புக்கில் விளம்பரத்தை நிறுத்தின. அந்த ஆண்டும் ஃபேஸ்புக்கின் வருமானம் முந்தைய ஆண்டைவிட அதிகம்தான். ஒரு மாதம் கோபித்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். ஒன்று மட்டும் கவனித்தேன்: போனவர்களும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2023 ஏப்ரலில் ட்விட்டரை விட்டது. அதன் இணையதளத்துக்கு வருகிறவர்கள் பெரிதாகக் குறையவில்லை. தி கார்டியன் நாளிதழ் 2024 நவம்பர் 13-இல் தன் பதிவுகளை நிறுத்தியது. ஆனால் அதன் செய்தியாளர்கள் செய்தி தேட அங்கே போகலாம், வாசகர்கள் கட்டுரைகளைப் பகிரலாம் என்றும் சொன்னது. 2025 ஜனவரியில் ஜெர்மனி, ஆஸ்திரியாவைச் சேர்ந்த 60-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் எக்ஸை விட்டு விலகுவதாக ஒரே நாளில் சேர்ந்து அறிவித்தன. எனக்குப் பிடித்தது அந்த வழி. தனியாகப் போனால் அது ஒரு முணுமுணுப்பாகத்தான் இருக்கும். நாம் தனியாகத்தான் போகிறோம், என்ன செய்வது.

என் மனத்தை முடிவாக மாற்றியவை படங்கள். அங்கே போடுகிற பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பழக்கலாம் என்று 2024 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த விதிமுறை சொல்கிறது. 2026 தொடக்கத்தில் அந்தத் தளத்தின் க்ரோக் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்துப் பெண்களின் படங்களையும் சிறுவர்களின் படங்களையும் ஆபாசமாக மாற்றியது உலகம் முழுக்கப் பிரச்சினையானது. இந்தோனேசியாவும் மலேசியாவும் அதைக் கொஞ்ச நாள் முடக்கியே வைத்தன. சேர்க்கைப் படிவத்தில் "படம் வெளியிடச் சம்மதம்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டபோது இதெல்லாம் யார் மனத்திலும் இல்லை. கணினி ஆசிரியர் நான்கு மாலைகள் உட்கார்ந்து மாணவர் முகம் தெரிகிற படங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். ஓட்டப் பந்தயத்தில் ஒற்றைச் செருப்போடு ஓடி முடித்த ஒரு பையனின் படத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். அதையும் நீக்கியாயிற்று. அச்செடுத்து நூலகத்தில் மாட்டியிருக்கிறோம்.

கணக்கை அழிக்கவில்லை, பூட்டித்தான் வைத்திருக்கிறோம். அழித்தால் நாளைக்கு வேறு யாராவது அதே பெயரில் வந்து உட்கார வாய்ப்பு உண்டு.

"அப்படியென்றால் வாட்ஸ்அப் மட்டும் யோக்கியமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் அதே மெட்டா நிறுவனத்துடையதுதான் அது. வகுப்புக் குழுக்களை இப்போதைக்கு நிறுத்தப்போவதில்லை; உங்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அதில் இருக்கிறீர்கள், முன்பின் தெரியாதவர்களின் பதிவுகள் அதில் வந்து கொட்டுவதில்லை. இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும். குழுக்களில் இனி மாணவர் படங்கள் போட மாட்டோம். அந்த அளவுக்கு வந்திருக்கிறோம்.

ஆசிரியர்களின் சொந்தக் கணக்குகளும் உங்களுடையவையும் அவரவர் விருப்பம். அதில் பள்ளி தலையிடாது.

இனி எல்லா அறிவிப்பும் முதலில் குறுஞ்செய்தியாக வரும், பள்ளி இணையதளத்திலும் வாயில் பலகையிலும் இருக்கும். கைப்பேசி எண் மாறியவர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். தாத்தா போன வாரம் மறுபடி வந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி எழுத்தரே அந்தக் கணக்கை மூடிக்கொடுத்தார், எண்ணைக் குறுஞ்செய்திப் பட்டியலிலும் சேர்த்தார். எங்கள் அறிவிப்புக்காக மட்டும் கணக்குத் தொடங்கி, இப்போது அதை எப்படி மூடுவது என்று தெரியாதவர்கள் மாலை 4 மணிக்கு மேல் அலுவலகத்துக்கு வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்