தலைமடையில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்தில் யோகா வகுப்பில் சேர்ந்திருப்பதையும், இயமங்கள் என்னும் ஒழுக்க விரதங்களில் மற்றவை கடினமாக இருந்தாலும் கள்ளாமை மட்டும் உனக்கு இயல்பாகவே அமைந்துவிட்டதையும் எழுதியிருந்தாய். பிறர் பொருளை நீ தொட்டதில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும், வாய்க்கால் தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒருவன் அதை இவ்வளவு விரைவாகக் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

யோக சூத்திரம் தந்த பதஞ்சலி, யோகத்தின் எட்டு உறுப்புகளில் இயமத்தை ஆசனத்துக்கும் முன்னால் வைத்தார். அதன் ஐந்தில் மூன்றாவது அஸ்தேயம், அதாவது கள்ளாமை. நம் திருவாவடுதுறையில் யோகத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் திருமூலரும் கொல்லான், பொய்கூறான் என்பவற்றை அடுத்துக் களவிலான் என்கிறார். அதே பாட்டில் பகுத்துண்பான் என்றும் சேர்க்கிறார். இடம், காலம், சூழ்நிலை எதைக் காட்டியும் தளர்த்த முடியாத பெருவிரதம் இது என்பது பதஞ்சலியின் வாக்கு. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுக்கென்று தனிச் சலுகை இல்லை.

மேட்டூர் அணை திறக்கும் நாளான ஜூன் 12-ஐ நாம் எதிர்பார்த்திருப்பதுபோலத்தான், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர்களும் எதிர்பார்த்திருக்கிறார்கள். கல்லணையில் பிரியும் தண்ணீர், பற்றாக்குறைக் காலத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை நாள் என்று முறை வைத்து விடப்படுகிறது. நம் முறை முடிந்த பிறகும் இரவில் மடையைத் திறந்து வைப்பதும், வாய்க்காலில் இன்ஜின் வைத்து இறைப்பதும் ஊரில் களவாகப் பேசப்படுவதில்லை, சாமர்த்தியமாகவே பேசப்படுகின்றன. எடுத்தவனுக்கு இழந்தவனின் முகம் தெரியாது என்பதால் அது களவில்லை என்று ஆகிவிடுமா? நமக்குத் தண்ணீர் தாமதமானால் ஆழ்துளைக் கிணற்றை வைத்து நாற்றங்கால் விட்டுக்கொள்ளலாம். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டதால், ஆற்று நீரையும் மழையையும் விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை. அங்கே தண்ணீர் பிந்தினால் விதைப்பு பிந்துகிறது. விதைப்பு பிந்தினால், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பயிர் உயரம் பிடிக்காமல் நீரில் மூழ்கி அழுகுகிறது. இங்கே ஓர் இரவில் எடுத்த தண்ணீரின் கணக்கு அங்கே மூன்று மாதம் கழித்துத்தான் தீர்க்கப்படுகிறது.

வரப்பை ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி அளவு தள்ளி அண்டை கட்டுவதும், நடவு ஆட்களின் கூலியை நெல் விற்கும்வரை இழுத்தடிப்பதும் இதே கணக்கில்தான் சேரும். இவற்றை நீயே அறிவாய்.

தேவைக்கு மேல் எடுப்பது முறைக்குள் எடுத்தாலும் எனக்கு உறுத்துகிறது. வயலில் எப்போதும் தண்ணீர் ததும்ப நிற்க வேண்டும் என்பது பழக்கமே தவிர, நெல்லின் தேவையன்று. குறைந்த நீரில் நெல் விளைவிக்கும் திருந்திய நெல் சாகுபடி முறையில் சொல்வதுபோல, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகு இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலே பயிர் தூர் கட்டி நன்றாக வருகிறது. நீ காலையில் செய்யும் பிராணாயாமத்துக்கு இணையான பயிற்சியாகவே இதை நான் கருதுகிறேன். ஏனென்றால், வாய்க்கால் நிறைய ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மடையைத் திறக்காமல் நிற்பதற்கு மனம் அடங்க வேண்டும்.

இந்தக் குறுவைப் பருவ நெல்லுக்கு ஒரு காணி நிலத்திலாவது இப்படிச் செய்து பார். முறை முடியும் நாளில் ஆளை அனுப்பாமல் நீயே போய் மடையை அடைத்துவிட்டு, கீழ்மடைக்காரர்களுக்குப் போன் செய்து சொல். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அக்கா