சூடான காயிலும் ஒற்றை ‘1’-உம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். புல்லட் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் நின்றுவிடுகிறது, காயிலை, அதாவது பிளக்கில் பொறி விழ உயர் வோல்ட் கொடுக்கும் கம்பிச் சுருளை, மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு வாங்கிவிடாதே. என் வண்டி பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

அப்பாவின் 1978 மாடல்தான். காலையில் இரண்டே கிக்கில் கிளம்பும். அரை மணி நேரம் ஓடியதும் விட்டு விட்டு அடித்து நிற்கும். புளியமரத்து நிழலில் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினோம், பிளக்கையும் கண்டென்சரையும் மாற்றினோம். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மூடித் திறக்கும் சுவிட்சான பாயிண்ட் மாதம் ஒருமுறை கருகியது. அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கருகல்தான் துப்பு என்று அப்போது உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காயிலில் இருந்து ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். 200 ஓம் ரேஞ்சில் முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தேன், 0.4 காட்டியது. அது மீட்டர் ஒயரின் சொந்தக் கணக்கு, கழித்துவிட வேண்டும். பிறகு காயிலின் இரண்டு சின்ன முனைகளிலும் வைத்தேன். 2.0. கழித்தால் 1.6 ஓம்.

மாப்ளே, 12 வோல்ட் பாயிண்ட் வண்டிக்குக் காயிலில் 3 முதல் 5 ஓம் வரை இருக்க வேண்டும். ஒன்றரை ஓம் என்றால் அது 6 வோல்ட் காயில்! பல வருஷத்துக்கு முன் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றியவர், பழைய காயிலை அப்படியே விட்டிருக்கிறார். 12-ஐ 1.6-ஆல் வகுத்துப் பார், ஏழரை ஆம்பியர். 4 ஓம் காயிலாக இருந்தால் 3 ஆம்பியரோடு முடிந்திருக்கும். பாயிண்ட் ஏன் கருகாது? ஹெட்லைட் மேல் இருக்கிற ஆம்ப் மீட்டரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தும்போது பாயிண்ட் மூடினால் முள் மைனஸ் பக்கம் விழும், திறந்தால் நடுவுக்கு வரும். என் முள் கடைசிவரை போய் விழுந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

அடுத்து செகண்டரி, அதாவது காயிலுக்குள் பிளக்குக்குப் போகும் மெல்லிய கம்பிச் சுற்று. 20 கிலோ ஓம் ரேஞ்சில் 12.4 காட்டியது. பிளக் கேப்பைக் கழற்றியதும் 7.4. கேப்புக்குள் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, அதைக் காயில் கணக்கில் சேர்த்து ஏமாந்துவிடாதே. ஆக, ஆறிய நிலையில் செகண்டரி சரி. மறுநாள் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு செஞ்சி ரோட்டில் கிளம்பினேன். வண்டி நின்ற இடத்திலேயே செகண்டரியை அளந்தேன். காயிலில் கை வைக்க முடியவில்லை. மீட்டரின் இடது ஓரத்தில் ஒற்றை ‘1’ மட்டும் நின்றது, இணைப்பே இல்லை என்று அர்த்தம். உள்ளே முடிபோன்ற கம்பி சூட்டில் விரிந்து எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஆறினால் தொட்டுக்கொள்கிறது. அந்த ‘1’-ஐப் பார்த்ததும் ரோட்டோரத்தில் நின்று கத்திவிட்டேன்.

அதனால், நீயும் சூட்டோடு அள. செம்பு சூடானால் ஓம் கொஞ்சம் ஏறும். 4 இருந்தது 4.6 ஆனால் பயப்படாதே. இன்னொன்று, மீட்டர் சரியென்று சொன்னதாலேயே காயிலை நம்பிவிடவும் கூடாது. மீட்டர் கொடுப்பது சில வோல்ட். வண்டி ஓடும்போது உள்ளே பல ஆயிரம் வோல்ட். இன்சுலேஷன் ஓட்டை அந்த அழுத்தத்தில்தான் வெளியே தெரியும். பிளக்கைக் கழற்றி இன்ஜின் ஹெட்டில் படும்படி வைத்துக் கிக்கரை அடி, பெட்ரோல் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள். நீலப் பொறி ‘டக்’கென்று விழ வேண்டும்.

இப்போது புதுக் காயில் 4.2 ஓம். நேற்று மேல்மலையனூர் போய்த் திரும்பினேன், எங்கும் நிற்கவில்லை. வண்டி நின்ற பிறகு சாவியை மட்டும் மறக்காமல் அணைக்கிறேன். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சும்மாவே வெந்துவிடும்.

உன் காயிலின் ஓம் அளவு ஆறிய நிலையில் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி அனுப்பு. மீட்டர் இல்லையென்றால் சொல், பொங்கலுக்கு வரும்போது என்னுடையதைக் கொண்டு வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்