மூன்றே வரியில் முத்துப்பிள்ளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பகுதியில், குழந்தையாக வளராமல் நஞ்சுக்கொடித் திசு தாறுமாறாகப் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தீர்கள். மூன்றாவது வரி, இணையக் குழுக்களில் கண்டதையும் படித்துவிட்டுப் பெண்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்பது. இரண்டு வரியில் நோயை முடித்துவிட்டு, மூன்றாவதில் நோயாளியைத் திருத்திவிட்டீர்கள். நன்றி.

எனக்கு வந்தது அதுதான். ஸ்கேனில் குழந்தை இல்லை, திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டிகள். எடுத்துவிட்டுப் படுக்க வைத்தது பிரசவ வார்டில். பக்கத்துக் கட்டிலில் பிறந்து ஒரு நாளான குழந்தை. அதற்குத் தனிக் கடிதமே எழுத வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் ஓய்வு, இரும்புச்சத்து மாத்திரை, அவ்வளவுதான்.

“பீட்டா எச்.சி.ஜி. எப்போ பார்க்கச் சொன்னாங்க?” என்று கேட்டது, நீங்கள் இளக்காரமாக எழுதிய குழுவில் இருந்த ஓர் அக்கா. முகம்கூடத் தெரியாது. கர்ப்பத் திசு சுரக்கும் ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை அது; எண் ஏறினால் மிச்சத் திசு மறுபடி வளர்கிறது என்று அர்த்தம். வாராவாரம் பார், 5-க்குக் கீழே போகும்வரை விடாதே என்றார். எண் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் வாராவாரம் ஏறியது: 410, 520, 690. இரவு பதினொரு மணிக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். “பயப்படாதே, ஆனா நாளைக்கே டாக்டர்கிட்ட போ” என்று உடனே பதில். போனேன், மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாக ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த மாதிரி கருவே இல்லாத ‘முழு முத்துப்பிள்ளை’ வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேருக்கு இப்படி மருந்து தேவைப்படுகிறது. இன்னும் சில மாதம் ‘வீணாகப் பயப்படாமல்’ இருந்திருந்தால் நுரையீரலுக்கே பரவியிருக்கலாம். இதன் முற்றிய வகைப் புற்றுநோயையே இதே மருந்தால் குணப்படுத்தலாம் என்று 1956-லேயே காட்டிவிட்டார்கள். தாங்கள் அறியாததா?

குழுவில் உளறலே இல்லை என்று சொல்ல மாட்டேன். கஷாயம் சொல்கிறவர் அங்கேயும் உண்டு. அக்கா அவரை ஒரே அதட்டில் அடக்கிவிடுவார். ஆனால் ‘என்ன தின்றாய், எதைத் தூக்கினாய்’ என்று என் மாமியார் துளைத்தபோது பதில் கிடைத்ததும் அங்கேதான். முழு முத்துப்பிள்ளையில் இருக்கும் 46 குரோமோசோமும் அப்பா பக்கத்துச் சரக்கு. சொன்னேன். அன்றோடு கேள்வி நின்றது.

போன வருடத் தாய்மைச் சிறப்பிதழில் வயிற்றைத் தடவிச் சிரிக்கும் படங்களுக்கு எத்தனையோ பக்கம் கிடைத்தது. கரு கலைந்தவளுக்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை. அப்போதும் எழுதினேன். ‘இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் போட்டீர்கள்.

சரி, கேட்பது ஒரு சின்னக் கட்டம்: ‘முத்துப்பிள்ளை எடுத்த பிறகு, பீட்டா எச்.சி.ஜி. இயல்புக்கு வரும்வரை வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை; மருத்துவர் சொல்லும்வரை அடுத்த கர்ப்பம் வேண்டாம்.’ இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். பழக்கம்தானே.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி