பிஎஸ்டி திட்டங்கள் சோதனைகளையும் பகிர்ந்துகொள்ளட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திறமூல இயங்குதளங்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் லினக்ஸோடு நின்றுவிடுவதால், யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்தைப் பற்றிச் சில வரிகள் எழுத விரும்புகிறேன்.

1993இல் தோன்றிய நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, 1995இல் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்த ஓப்பன்பிஎஸ்டி ஆகிய மூன்றின் சி நூலகங்களும் (நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் அடிப்படைச் செயற்கூறுகளின் தொகுப்புகள்) பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட நிரலிலிருந்து வந்தவை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரலுக்குள் பல த்ரெட்டுகள், அதாவது தனித்தனி இயக்க இழைகள், ஒரே நேரத்தில் ஓடும் என்ற எண்ணமே இல்லாத காலத்து நிரல் அது. எடுத்துக்காட்டாக, எழுத்துச் சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்டர்டாக் என்னும் செயற்கூறு, தான் நிறுத்திய இடத்தை நூலகத்துக்குள் இருக்கும் ஒரே நினைவிடத்தில் குறித்துவைக்கிறது. இரண்டு த்ரெட்டுகள் அதை ஒருசேர அழைத்தால் ஒன்றின் குறிப்பை மற்றொன்று அழித்துவிடும். அந்த இடத்தை அழைப்பவரே தரும்படியான மாற்று வடிவங்களை யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 1995ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரம் வகுத்தது. அவற்றை எழுதுவது எளிது. பெயர் தேடல், நேர மண்டலம் போன்ற உட்பகுதிகளில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும்படி எங்கே பூட்டுப் போடுவது, எந்த வரிசையில் போடுவது என்பதே கடினமான வேலை. அதைத்தான் ஒவ்வொரு திட்டமும் பெரும்பாலும் தனித்தனியே செய்துவருகிறது.

த்ரெட் அமைப்பே வேறுபட்டிருந்த காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. ஆனால் ஃப்ரீபிஎஸ்டி 2008இலும், நெட்பிஎஸ்டி 2009இலும், ஓப்பன்பிஎஸ்டி 2012இலும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒரு த்ரெட் என்னும் முறைக்கு வந்துவிட்ட பிறகு அந்த நியாயம் வலுவிழந்துவிட்டது. உரிமமும் தடையில்லை. 1998 முதல் 2006 வரை நடந்த கேமே திட்டம், இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6க்குரிய நிரலை ஒரே இடத்தில் எழுதி இம்மூன்றுக்கும் வழங்கியதை இத்துறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

நிரலை மட்டும் பகிர்ந்தால் போதாது என்பது என் கருத்து. ஓப்பன்பிஎஸ்டியில் பிறந்த, எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் ஸ்டர்எல்காப்பி மற்ற இரண்டுக்கும் எளிதாகச் சென்றது, ஸ்டர்டாக்கைப் போல எதையும் அது தனக்குள் குறித்துவைக்காததால்தான். த்ரெட் மோதலோ ஆயிரம் முறை ஓடியும் தலைகாட்டாமல் அடுத்த முறை வெளிப்படக்கூடியது. எந்த நெருக்கடியில் அது வெளிப்பட்டது என்பதைக் காட்டும் சோதனை நிரல் இல்லாத திருத்தத்தை இன்னொரு திட்டம் நம்பி ஏற்பது கடினம். நெட்பிஎஸ்டியின் சோதனைத் தொகுப்பை ஃப்ரீபிஎஸ்டி ஏற்கெனவே தன் மூலநிரலில் சேர்த்திருக்கிறது. பல த்ரெட்டுகளால் நூலகத்தைத் திணறவைக்கும் சோதனைகளையும், பூட்டு வரிசை பற்றிய குறிப்புகளையும் அவ்வழியிலேயே பகிரலாம். இணைய முகவரி தேடும் கெட்அட்ரின்ஃபோவில் தொடங்குவது பொருத்தம். ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இரண்டிலும் அது கேமே வழிவந்த நிரலே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்