மாலைப் பொழுதைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

முன்பள்ளிச் சிறார்களுக்கும் மாலை வகுப்புகள் பெருகிவருவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியை வாசித்துக் கவலையுற்றேன். ஐந்து வயது பூர்த்தியான பின்னரே முதலாம் தரம். அதற்கு முந்திய ஆண்டுகள் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் கிடைத்த பேறு. பொழுதுசாயும் வேளையில் என் நான்கு வயது மகளைக் கல்லடிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வேன். நண்டு வளைக்குள் அலை புகுந்தால், "அப்பா, நண்டுட வீட்டுக்குள்ள தண்ணி போனா அது எங்க படுக்கும்?" என்பாள். ஈரமணலில் விரலால் புதுவீடு கீறிக் கொடுத்த பிறகே திரும்பச் சம்மதிப்பாள். இந்த மகிழ்ச்சியை எழுத்துக் கொப்பிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகம் முன்பள்ளிகளில் எழுத்து வீட்டுவேலையை நிறுத்தி, மாதம் ஒருநாளேனும் பெற்றோரும் அங்கு வந்து பிள்ளைகளோடு விளையாட ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு தந்தை,
மட்டக்களப்பு.