லேப்ரடார் குட்டி வாங்கிய மகனுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தம்பி,

ஜோஹன்னஸ்பர்க் வீட்டுக்கு லேப்ரடார் குட்டி வந்துவிட்டதாக அக்கா சொன்னாள். மஞ்சளா கறுப்பா என்று மண்டையை உடைத்துக்கொண்டாயாமே. நிறத்தில் ஒன்றுமில்லை. தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுத்த சான்றிதழ் உண்டா என்று விற்றவரிடம் இப்போதாவது கேள். இந்த ஜாதிக்கு மூட்டுதான் பலவீனம்.

நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் குளிர்கடலில் வேலை செய்த நாய்களின் வம்சம் இது. பிரிட்டனில் வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்தைப் பல் படாமல் கவ்வி வரப் பழக்கினார்கள். அதனால்தான் உன் செருப்பும் வாயில் இருக்கும். அடிக்காதே, பதிலுக்கு ஒரு பொம்மையைக் காட்டி வாங்கிக்கொள். உள்மயிர் அடர்ந்து எண்ணெய்ப் பசையோடு இருப்பது தண்ணீர் ஏறாமலிருக்கத்தான், வாராவாரம் ஷாம்பூ போட்டுக் கழுவிவிடாதே. அந்த மயிரோடு வெயிலும் தாங்காது. கோடையில் காலை ஏழுக்கு முன்னாலும், பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடத்து.

இனிச் சாப்பாடு. லேப்புக்கு, அதாவது லேப்ரடாருக்கு, வயிறு நிறைந்தது என்பதே தெரியாது. பசியை அடக்கும் ஒரு மரபணு பல லேப்களில் பழுதாக இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கண்ணைப் பார்த்து இரங்கினால் தீர்ந்தது. 48 லேப்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், கால்பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தன. மூட்டுவாதமும் தாமதித்தே வந்தது. கோப்பையால் அளக்காதே, கிராம் தராசில் நிறு. ஆறு மாதம் வரை பெரிய ஜாதிக் குட்டிகளுக்கான தீனி மூன்று வேளை, அப்புறம் இரண்டு வேளை. எலும்பு பலக்கட்டும் என்று கால்சியம் மாத்திரை கொடுத்துவிடாதே. வளரும் எலும்பை அதுவே கெடுக்கும். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. வளர்ந்த ஆண் 29 முதல் 36 கிலோ.

வெளியே நெருப்பு மூட்டி இறைச்சி சுடும் ப்ராய் நாளில்தான் வம்பு. தின்று போட்ட மீலி, அதாவது மக்காச்சோளக் கட்டையை அப்படியே விழுங்கும். குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். மாங்கொட்டையும் அப்படியே. வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், மக்கடேமியா கொட்டை எல்லாம் நாய்க்கு விஷம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பனடோலும் வேண்டாம்.

ஒரு வயது வரை படிக்கட்டு ஏற்றாதே, பேக்கி வண்டியின் பின்தட்டிலிருந்து குதிக்க விடாதே. தண்ணீரைக் கண்டால் இறங்கத் துடிக்கும். ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில் நீர் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் கிடந்தால் கிட்டவே கொண்டு போகாதே, அந்தப் பாசி கொல்லும். நீந்திய பின் காதை மடித்து உள்ளே துடை. தொங்கும் காதில் ஈரம் தங்கினால் நாற்றமடிக்கும், சீழ் வைக்கும். ரேபீஸ் ஊசி சட்டப்படி கட்டாயம்: 3 மாதத்தில் ஒன்று, ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று, பிறகு 3 வருஷத்துக்கு ஒருமுறை. பார்வோ என்ற கொடிய குடல் நோய்க்கான ஊசிகள் முடியும்வரை பார்க் பக்கம் போகாதே.

டிசம்பரில் இங்கே கொண்டுவருவாய் என்று தெரியும். நேட்டாலில் உண்ணிக்குப் பஞ்சமில்லை, உண்ணி கொண்டுவருவது பிலியரி என்ற ரத்த நோய். உண்ணி மாத்திரையை நாள் தவறாமல் கொடு. அப்படியும் தினமும் சாயங்காலம் காதுக்குள், விரலிடுக்கில், தொடையிடுக்கில் தடவிப் பார். ஒட்டியிருந்தால் இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டினாற்போல் பிடித்து நேராக இழு. எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். நோய் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், அதனால் நீ திரும்பிப் போன பிறகும் கவனி. மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அமுக்கி எடு. வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறே வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், மூத்திரம் கறுத்துப் போனால், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதே. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் நோய் அது. காதோரத்தில் ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே மருத்துவர் சொல்லிவிடுவார். நேரத்தில் ஊசி போட்டால் பிழைக்கும், தாமதித்தால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். இவற்றுக்கெல்லாம் முந்திய அறிகுறி ஒன்றுண்டு: லேப் தட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். மற்ற நாய்க்கு அது பிகு. லேப்புக்கு அப்படியில்லை, உடனே காரை எடு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் குட்டியின் எடையை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அப்பா