மூன்றாம் பாகம் எங்கே? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல பாகங்களில் நாவல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறேன். 28 வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தேன். பாக்டரி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பாலத்தில் நெரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். கூட வந்தவர்கள் தூங்குவார்கள், நான் படிப்பேன். மடியில் வைத்தால் சோற்றுப் பாத்திரம் மாதிரி கனக்கிற நாவல்களை எல்லாம் அந்த பஸ்ஸில்தான் படித்து முடித்தேன்.

என் வழக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவர் வெளியிட்ட ஐந்து பாக நாவல் ஒன்று. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவருக்குப் புரியும். இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனின் தம்பி நடு ராத்திரியில் ஒரு பாழுங்கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்குகிறான். மேலே யாரோ கயிற்றை அறுக்கிறார்கள். அதோடு பாகம் முடிந்தது. மூன்றாம் பாகம் கடையில் இல்லை. "அடுத்த பார்சல்ல வரும்மா" என்றார் கடைக்காரர். அடுத்த பார்சலில் நான்கும் ஐந்தும் வந்தன. ஒரு வருடம் பொறுத்தேன். அப்புறம் முடியவில்லை, நான்கைத் திறந்துவிட்டேன். முதல் அத்தியாயத்தில் அவன் தங்கை கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருக்கிறான். இடது கையில் இரண்டு விரல் இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை, எதற்குப் பேச வேண்டும்? இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது.

இவளுக்கு நீளக் கதை ஆகாது போல என்று நினைத்துவிடாதீர்கள். நான் அதிலேயே வளர்ந்தவள். பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தபோது, இங்கே மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பத்திரிகை கப்பலில் வரும். அவர் வாசிக்க, லயத்து ஜனம் சுற்றி உட்கார்ந்து கேட்கும். கப்பல் தாமதமானால் கதையும் தாமதம். சில சமயம் இரண்டு மூன்று இதழ் ஒன்றாக வந்து சேரும். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிப் பெண்கள் சண்டை போடுவார்களாம், வாத்தியார் மாட்டேன் என்பாராம். "ஒரே நாள்ல தின்னு தீத்துட்டா நாளைக்கு என்னத்தைப் பேசறது?" என்று கேட்பாராம். மறுநாள் விடியற்காலை மரம் சீவும்போது நிரைக்கு நிரை அதே பேச்சுத்தான் என்று பாட்டி சொல்லுவார். நந்தினி நல்லவளா கெட்டவளா என்பதில் பாட்டிக்கும் பக்கத்து நிரைக்காரிக்கும் இருந்த பகை, கதை முடிந்து பல வருடம் கழித்தும் தீரவில்லை.

நெடுங்கதையின் ருசி எனக்கு அங்கிருந்து வந்தது. சின்ன நாவலில் ஒரு ஆளைச் சந்திக்கிறோம், பழகுகிறோம், விடைபெறுகிறோம். ஐந்து பாகம், ஆறு பாகம் என்றால் அந்த ஆள் நம் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். அவர் தங்கியிருக்கிற காலத்தில் நமக்கும் வயதாகிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறானே வந்தியத்தேவன், 16 வயதில் அவன் பின்னாலேயே நானும் போனேன். 30 வயதில், இரண்டு பிள்ளையும் ஷிப்டு வேலையுமாக இருந்தபோது, நந்தினியின் கோபம் புரிந்தது. போன வருடம் மறுபடி எடுத்தேன். கால் விளங்காமல் படுக்கையில் கிடந்தபடி, தன் பிள்ளைகளைப் பற்றி அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்கிற சுந்தர சோழரைத் தாண்டிப் போக முடியவில்லை. அப்பாவும் கடைசி இரண்டு வருடம் அப்படித்தான் கிடந்தார். புத்தகத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

அதே போல மகாபாரதத்தை நாவல் வரிசையாகச் சொல்கிற 'வெண்முரசு'. ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை நாளுக்கு ஒரு அத்தியாயமாக இணையத்தில் எழுதி, 26 நாவல்களில் முடித்தார். ஓய்வு பெறும் வரை ராத்திரி ஷிப்டு இடைவேளையில் கைப்பேசியில் படித்தேன். சில வாரம் பிடிபடவில்லை, சில மாதம் பின்தங்கினேன், நடுவில் ஒரு நாவலை அப்படியே தாண்டினேன் (வெட்கமில்லாமல் சொல்கிறேன்). கடைசி நாவல் முடிந்த 2020 ஜூலையில் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். முடிந்த மறுநாள் காலை பசியாறிவிட்டு, பழக்க தோஷத்தில் கைப்பேசியை எடுத்தேன். ஒன்றும் இல்லை. துக்க வீட்டில் பந்தல் பிரித்த பிறகு இருக்குமே, அந்த வெறிச்.

ஆக, நீளம் எங்களுக்குப் பாரமில்லை. நடுவில் தொய்வதையும் பொறுத்துக்கொள்வோம். எந்த நெடுங்கதையிலும் மூன்றில் ஒரு பங்கு குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதிலும் நிலா வர்ணனையிலும் போகத்தான் செய்யும். பொறுக்க முடியாதது வேறு.

பாகம் எத்தனை என்று முதல் பாகத்தின் அட்டையில் ஏன் போடுவதில்லை? மூன்று என்று நினைத்து வாங்கியது ஏழில் போய் நிற்கிறது. இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையே அச்சடித்துவிடுங்கள், வேண்டியவர் வாங்குவார். பெயர்ப் பட்டியல் ஒன்று, வம்சாவளி ஒன்று, முன்கதை இரண்டு பக்கம். இதற்கு எவ்வளவு காகிதம் செலவாகும்? இரண்டு பாகத்துக்கு நடுவே நாங்கள் எத்தனை பேருக்குக் காதுகுத்து, கல்யாணம், கருமாதி பார்த்திருப்போம். மாமன் மகன் யார், மச்சான் யார் என்று எப்படி நினைவிருக்கும்? அட்டை அளவும் அப்படித்தான். முதல் இரண்டு பாகம் ஒரு உயரம், அடுத்தது இரண்டு விரல்கடை அதிகம். அலமாரியில் பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது. இது சின்னக் குறைதான், விடுங்கள்.

விட முடியாதது மூன்றாம் பாகம். உங்கள் கணக்கும் எனக்கு ஓரளவு தெரியும். முதல் பாகம் நிறைய விற்கும், ஆர்வத்தில் வாங்குகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். அதனால் அடுத்தடுத்த பாகங்களைக் குறைத்து அடிப்பீர்கள். அதில் ஒன்று தீர்ந்துபோனால், அந்த ஒன்றுக்காக மறுபடி நூற்றுக்கணக்கில் அச்சடிக்கக் கட்டுப்படியாகாது. ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே தமிழ்ப் புத்தகம் கண்ணில் படுவதே அபூர்வம். பட்டால் அது ஏதோ ஒரு தொடரின் முதல் பாகமாகத்தான் இருக்கும். மூன்றாம் பாகத்தை ஒருவரும் விற்க மாட்டார்கள். அது வரைக்கும் வந்தவர் முடிக்காமல் விடமாட்டார், முடித்தவர் கொடுக்கமாட்டார்.

ஆனால் இப்போது கேட்டால் பத்துப் பிரதி, இருபது பிரதி அச்சடித்துத் தருகிற வசதி வந்துவிட்டதே. கவிதைத் தொகுப்புகளை எல்லாம் நீங்கள் அப்படித்தான் போடுகிறீர்கள். தீர்ந்துபோன பாகத்துக்கு அதைச் செய்யக் கூடாதா? விலை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்த காலம் போய், இப்போது தபால் செலவே புத்தக விலையைத் தாண்டுகிறது. அதையும் கொடுத்துத்தான் வாங்குகிறோம், பத்து வெள்ளி (ரிங்கிட்) கூடப் போனால் போகட்டும்.

என் மகன் ஆங்கிலத்தில் படிப்பவன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரில் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறான். "உனக்காவது அச்சான புத்தகம்மா, எனக்கு எழுதவே இல்லை" என்று என்னைத் தேற்றுகிறான். அவன் சொன்னதை யோசிக்க யோசிக்கத்தான் எனக்குக் கோபம் வந்தது. எழுதாததற்கு எழுத்தாளரிடம் ஆயிரம் காரணம் இருக்கும். உடம்பு, மனசு, ஆயுசு. கல்கி 'பொன்னியின் செல்வ'னை முடித்த அதே 1954ஆம் வருடம், டிசம்பரில் காலமானார். சட்டென்று முடித்துவிட்டதாக வாசகர்களுக்குக் குறை இருந்தது, அதற்கு ஒரு முடிவுரையும் எழுதினார். பாட்டி மட்டும், "மனுஷன் முடிச்சுக் குடுத்துட்டுத்தானே போனாரு" என்பார். அவர் பாதியில் விட்ட 'அமர தாரா'வைக்கூட மகள் ஆனந்தி எழுதி முடித்தார். அங்கே எழுத ஆள் இல்லாத நிலையிலும் கதையை வாசகரிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இங்கே எழுதி, அச்சாகி, யாரோ வாங்கி, யார் வீட்டுப் பரணிலோ கிடக்கிற ஒரு பாகத்துக்காக நான் ஒன்பது வருடம் காத்திருக்கிறேன்.

தம்பி மகள் வருகிற ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருகிறாள். நாவல் பெயரும் பாகத்தின் எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். இருந்தால் கொடுங்கள். பிரதி இல்லை என்றால், உங்கள் கடையில் அதைப் படித்தவர் யாராவது இருப்பார்கள், அந்தக் கிணற்றுக்குள் என்ன நடந்தது என்று அவளிடம் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். சுருக்கமாக வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி ஒருத்தி